குனிந்தால் குறையும் வலி: கீழ்முதுகுக் கால்வாய்க் குறுக்கத்தில் அறுவை சிகிச்சை எதை நிமிர்த்துகிறது?

வயது அறுபதைத் தாண்டிய ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பிச் சிறிது தூரம் நன்றாகத்தான் நடக்கிறார். தெருமுனையை எட்டுவதற்குள் பிட்டத்தில் தொடங்கும் ஒரு கனம் தொடைக்கும் கெண்டைச்சதைக்கும் இறங்குகிறது; கால்கள் மரத்துப்போகின்றன, சிலருக்குத் தள்ளாட்டமும் வருகிறது. அந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்று இளைப்பாறினால் அவருக்குப் பயனில்லை. ஒரு திண்ணையில் உட்கார்ந்தாலோ, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தாலோ சில நிமிடங்களில் வலி அடங்கிவிடுகிறது. இதே மனிதர் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வரக்கூடும். மேட்டில் ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவது அவருக்குக் கடினமாக இருக்கக்கூடும். கீழ்முதுகுத் தண்டுவடக் கால்வாய்க் குறுக்கம், அதாவது மருத்துவர்கள் லம்பார் ஸ்டெனோசிஸ் என்று குறிப்பிடும் நோய், பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வெளிப்படுகிறது. வலியோடு சேர்ந்து இன்னொன்றும் மெல்ல நிலைபெறுகிறது: அவர் முன்புறமாகச் சாய்ந்தே நடக்கப் பழகிவிடுகிறார். வீட்டார் அதை முதுமையின் கூன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குனிவு நோயின் ஒரு பகுதியா, அல்லது நோயிலிருந்து தப்ப உடல் கண்டுகொண்ட வழியா என்ற கேள்விக்கான விடையைப் பொறுத்தே, அவருக்கு எவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை தேவை என்பது பெரிதும் அமைகிறது.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் பெரியவர்களில் முதலாம், இரண்டாம் கீழ்முதுகு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்வாய்க்குள் இருப்பது கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்பு வேர்களின் கொத்து. இந்தக் கால்வாய்க்கு முன்புறச் சுவராக இருப்பவை முள்ளெலும்பின் உடற்பகுதியும், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த டிஸ்க்கும். பின்புறச் சுவராக இருப்பவை லேமினா எனப்படும் எலும்புத் தகடும், தகடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் லிகமென்டம் ஃப்ளேவம் என்ற மீள்தன்மையுள்ள இணைப்புநாரும். இரு பக்கங்களிலும், மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளைப் பின்புறத்தில் இணைக்கும் ஃபேசட் மூட்டுகள் நிற்கின்றன. வயதாக ஆக டிஸ்க் உயரம் குறைந்து பின்னோக்கிப் பிதுங்குகிறது, மூட்டுகள் தேய்ந்து பருக்கின்றன, இணைப்புநார் தடித்துத் தளர்கிறது. மூன்று பக்கமும் இப்படி உள்நோக்கி நகரும்போது நடுவிலிருக்கும் நரம்புகளுக்கான இடம் சுருங்குகிறது. நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலான நிலையே மிக அதிகமாகப் பாதிக்கப்படும் இடம்.

ஆனால் இந்தக் கால்வாயின் அளவு நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை, இந்நோயின் விசித்திரம் அங்கேதான் இருக்கிறது. நிமிர்ந்து முதுகைப் பின்னோக்கி வளைக்கும்போது தளர்ந்த இணைப்புநார் மடிந்து கால்வாய்க்குள் புடைக்கிறது, டிஸ்க்கும் பின்னோக்கிச் சற்றுப் பிதுங்குகிறது; குனியும்போது அந்த நார் இழுபட்டுத் தட்டையாகி வழிவிடுகிறது. இறந்தோரின் முதுகெலும்புகளில் செய்த அளவீடுகள், நடுநிலையிலிருந்து குனிந்தால் கால்வாயின் பரப்பு பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுவதையும், பின்வளைந்தால் கிட்டத்தட்ட அதே அளவு குறைவதையும் காட்டின. 1990களில் ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளிகளின் கால்வாய்க்குள் அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது, படுத்திருக்கையில் குறைவாக இருந்த அழுத்தம் நிற்கும்போது உயர்ந்து, பின்வளைந்து நிற்கும்போது மேலும் ஏறி, குனிந்தவுடன் இறங்கியது. நடக்கையில் ஒவ்வொரு அடிக்கும் அது அலைபோல் ஏறி இறங்கியது. மீண்டும் மீண்டும் வரும் இந்த அழுத்தம் நரம்பு வேர்களிலிருந்து இரத்தம் வடிய விடாமல் தேக்குகிறது. நடக்கும் கால்களுக்கு வேலை தரும் நரம்புகளுக்கு அந்த நேரத்தில்தான் இரத்தம் அதிகம் தேவை. தேவைக்கும் வரவுக்குமான இந்த இடைவெளிதான் நடக்க நடக்க வலியாகவும் மரத்துப்போதலாகவும் உணரப்படுகிறது. கால் தமனி அடைப்பால் வரும் நடைவலியிலிருந்து இதைப் பிரித்தறிவதும் இதனால் எளிதாகிறது: தமனி நோயாளிக்கு நின்றாலே போதும், வலி அடங்கும், ஆனால் சைக்கிள் மிதித்தால் வலி வரும்; கால்வாய்க் குறுக்கம் உள்ளவருக்கு இரண்டும் தலைகீழ்.

இந்த நோயைத் தனியொரு நோயாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளச் செய்தவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகர நரம்பறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட். 1954இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை, நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும் கால்களில் துன்பம் வந்து படுத்தால் மறையும் நோயாளிகளை விவரித்தது. அறுவையில் அவர்களின் கால்வாய் பிறவி வளர்ச்சியிலேயே குறுகியிருந்ததை அவர் நேரில் அளந்து கண்டார். முன்பின் அளவு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் முழுக் குறுக்கம், 10 முதல் 12 வரை இருந்தால் சார்புக் குறுக்கம் என்று அவர் வகுத்த எல்லைகள் இன்றும் மேற்கோளாகின்றன. எலும்புத் தகட்டை எடுத்து நரம்புகளை விடுவித்தால் நடை மீளும் என்பதும் அக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. முதுகின் தோற்றத்துக்கும் இதற்குமான தொடர்பு முறையாக ஆராயப்படுவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

குனிவதால் நரம்புக்குக் கிடைக்கும் ஆறுதலுக்கு முதுகின் மற்ற உறுப்புகள் விலை கொடுக்கின்றன. ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அளந்தபோது, நிமிர்ந்து நிற்கையில் இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்தால், முன்னோக்கிக் குனிந்து நிற்கையில் அது சுமார் 150 ஆக உயர்ந்தது. உடலின் எடை முன்னே போய்விடுவதால் அதைப் பிடித்து நிறுத்த முதுகுத் தசைகள் ஓயாமல் இறுகி உழைக்க வேண்டியிருக்கிறது. மாலை வரை நின்றவருக்குக் கீழ்முதுகில் ஏற்படும் அந்த இறுக்கமான வலியில் பெரும்பங்கு இந்தச் சோர்வினுடையது. பார்வை தரையை நோக்கிப் போகாமலிருக்க உடல் வேறு இடங்களில் ஈடுசெய்கிறது: கழுத்து நிமிர்கிறது, இடுப்புக் கூடு பின்னோக்கிச் சுழல்கிறது, முழங்கால்கள் சற்று மடங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் இடுப்பு மூட்டின் முன்புறத் தசைகள் குறுகி இறுகிவிடுகின்றன. தொடையின் முன்தசைகள் நிற்பதற்கே உழைத்துக் களைக்கின்றன. முழங்கால் வலிக்காக மட்டும் மருத்துவரிடம் போகும் சில முதியவர்களிடம் அடிப்படைச் சிக்கல் முதுகில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சாய்வை அளக்க மருத்துவர்கள் கையாளும் முறை கொத்தனாரின் தூக்குக்குண்டு முறையேதான். நோயாளியை நிற்கவைத்துப் பக்கவாட்டில் முழு முதுகையும் எக்ஸ்ரே எடுத்து, கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்குகிறார்கள். அந்தக் கோடு, முதுகெலும்பின் அடியில் இடுப்புக் கூட்டோடு சேரும் திருவெலும்பின் மேற்புறப் பின்மூலையை விட்டு எவ்வளவு முன்னே விழுகிறது என்பதே முன்சாய்வின் அளவு. 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சமநிலை கெட்டதாகப் பொதுவாகக் கொள்கிறார்கள், ஆனால் வயது கூடக் கூட இந்த எல்லையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும் என்பதே இப்போது வலுப்பெற்றுள்ள கருத்து. கீழ்முதுகின் உள்வளைவு ஒருவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பிரெஞ்சு ஆய்வாளர் டூவால்-போப்பேரும் உடனுழைத்தோரும் வரையறுத்த பெல்விக் இன்சிடென்ஸ் என்னும் கோணம் ஒவ்வொருவரின் இடுப்புக் கூட்டின் அமைப்பைக் காட்டுவது. வளர்ச்சி முடிந்த பிறகு அது கிட்டத்தட்ட மாறாதது. கீழ்முதுகின் உள்வளைவு அந்தக் கோணத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது என்பது நடைமுறை விதி. இன்னொரு பிரெஞ்சு அறுவை மருத்துவரான ஷான் டூபூஸே, நிற்கும் உடல் குறைந்த உழைப்பில் தன்னை நிறுத்திக்கொள்ளும் எல்லையை ஒரு கூம்பாகக் கற்பித்தார். அந்தக் கூம்புக்கு வெளியே சாயச் சாய நிற்பதற்கான செலவு வேகமாகக் கூடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்ரேயில் கோடு 7 சென்டிமீட்டர் முன்னே விழுகிறது, உள்வளைவு போதவில்லை என்று எண்கள் சொல்கின்றன. அந்த எண்களை மட்டும் பார்க்கும் ஒருவர், முதுகை நிமிர்த்தி ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்தும் பெரிய அறுவை தேவை என்ற முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் கால்வாய்க் குறுக்கம் உள்ளவர் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் வலியைத் தவிர்க்கும் நிலையில்தான் நிற்கிறார். அந்தப் படம் அவரது முதுகெலும்பின் இயலாமையைக் காட்டுகிறதா, நரம்பைக் காக்க அவர் எடுத்துக்கொண்ட தோரணையைக் காட்டுகிறதா என்பதை எண்கள் தாமாகச் சொல்வதில்லை.

நரம்புகளை மட்டும் விடுவிக்கும் அறுவைக்கு அழுத்த நீக்கம் என்று பெயர். பழைய லேமினெக்டமி முறையில், முள்ளெலும்பின் பின்னே நீட்டி நிற்கும் நடுமுள்ளும் தகடும் இருபுறமும் முழுதாக எடுக்கப்பட்டன, அதற்காக முதுகுத் தசைகள் எலும்பிலிருந்து அகலமாக உரிக்கப்பட்டன. முதுகெலும்பை ஒட்டியுள்ள மல்டிஃபிடஸ் என்னும் ஆழ்தசை, ஒவ்வொரு முள்ளெலும்பையும் நிலைநிறுத்தி உள்வளைவைத் தாங்குவது. அதை நெடுநேரம் விலக்கி வைத்தால் அதன் நரம்பும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்டுத் தசை மெலிந்து கொழுப்பேறுகிறது. நரம்புக்கு வழி செய்யப்போய் முதுகைத் தாங்கும் தசையை இழப்பது நல்ல பேரம் இல்லை. இதனால்தான் இப்போது நடுமுள்ளையும் நடு இணைப்புநார்களையும் காத்துக்கொண்டு, நுண்ணோக்கி அல்லது எண்டோஸ்கோப் உதவியுடன் சிறு சன்னல் திறந்து, தடித்த நாரையும் பருத்த மூட்டின் உள்விளிம்பையும் மட்டும் அகற்றும் முறைகள் பரவியிருக்கின்றன. ஒரு பக்கமாக நுழைந்து இருபக்கமும் விடுவிப்பது, இரு பக்கமும் தனித்தனிச் சன்னல் திறப்பது, நடுமுள்ளை அடியில் வெட்டி நகர்த்தி நுழைவது என்ற மூன்று முறைகளை நார்வேயின் நார்ட்ஸ்டென் ஆய்வு 437 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. இரண்டாண்டு முடிவில் மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே எந்தக் கருவியால் செய்கிறார் என்ற விளம்பரத்தைவிட, நரம்பு முழுமையாக விடுபட்டதா, மூட்டும் தசையும் தப்பினவா என்பதே கேட்கத்தக்கது.

முதுகெலும்பின் வளைவைத் தொடாத இந்த அறுவைக்குப் பிறகு பலர் நிமிர்கிறார்கள் என்பதுதான் வியப்புக்குரிய செய்தி. ஜப்பானில் 2010களில் வெளிவந்த ஆய்வுகள், அழுத்த நீக்கம் மட்டும் செய்த முதியவர்களின் முழு முதுகு எக்ஸ்ரேக்களை அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, கீழ்முதுகின் உள்வளைவு கூடியதையும் தூக்குக்கோடு பின்வாங்கியதையும் பதிவுசெய்தன. ஸ்க்ரூ இல்லை, கம்பி இல்லை, எலும்பை வெட்டித் திருத்தவும் இல்லை. நிமிர்ந்தால் கால் வலிக்கும் என்ற நிலை நீங்கியதும் உடலே நிமிர்ந்துகொண்டது. முன்சாய்வு அதிகம் இருந்தவர்களிடம் மாற்றமும் அதிகம் காணப்பட்டது. குனிவு பெருமளவு வலியைத் தவிர்க்கும் தோரணைதான் என்ற கருத்துக்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். நிமிர்வு அறுவை மேசையிலிருந்து எழுந்தவுடன் முழுமையாக வந்துவிடுவதில்லை. கால்வலி சில நாள்களிலேயே குறையலாம். குறுகிப்போன இடுப்புத் தசைகள் நீளவும், சோர்ந்த முதுகுத் தசைகள் வலுப்பெறவும் மாதங்கள் ஆகும்.

எல்லோரும் அப்படி நிமிர்வதில்லை. முன்சாய்வு 8 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தவர்களிடம், நரம்பு விடுபட்ட பின்னும் சாய்வு எஞ்சுவதற்கான வாய்ப்பு அதிகம் என்று அந்த ஜப்பானிய ஆய்வுகளில் ஒன்று கண்டது. சாய்வு எஞ்சியவர்களுக்குக் கீழ்முதுகு வலியும் கூடுதலாக எஞ்சியது. இவர்களிடம் குனிவு இரண்டு காரணங்களின் கலவை. டிஸ்க்குகள் பல நிலைகளில் உயரம் இழந்து கீழ்முதுகு தட்டையாகியிருக்கலாம். எலும்புத் தேய்மானத்தால் மேல்முதுகின் முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் நொறுங்கியிருக்கலாம். முதுகுத் தசைகளே கொழுப்பேறி மெலிந்திருக்கலாம். பார்க்கின்சன் நோயும் இடுப்பு மூட்டுத் தேய்வும் தனித்தனியே ஒருவரைக் குனியவைக்கக்கூடியவை. இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. நோயாளியைக் கடினமான மேசையில் மல்லாந்து படுக்கவைத்து, தலையும் முதுகும் மேசையில் படிகின்றனவா என்று பார்ப்பது ஒன்று. படுத்த நிலையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் காணும் உள்வளைவையும் நின்ற எக்ஸ்ரேயில் காணும் உள்வளைவையும் ஒப்பிடுவது இன்னொன்று. படுத்தால் வளைவு திரும்புகிறது என்றால் முதுகெலும்பு இன்னும் இளகியே இருக்கிறது. உட்கார்ந்து எழுந்த முதல் நிமிடம் நேராக நிற்கும் ஒருவர் நடக்க நடக்கக் குனிகிறாரா, எழும்போதே குனிந்துதான் எழுகிறாரா என்று உடன் வருபவரைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். பத்து நிமிட ஆலோசனையில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வலியைப் பொறுத்தவரை அறுவையின் பலன் ஓர் ஒழுங்கில் வருகிறது, அந்த ஒழுங்கை முன்பே அறிந்துகொள்ளாதவர்களே பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். நடந்தால் வரும் கால்வலிதான் முதலில், மிக உறுதியாகக் குறைவது. நடக்கும் தூரமும் அதோடு கூடுகிறது. கீழ்முதுகு வலி குறைவது அந்த அளவுக்கு நிச்சயமில்லை. முன்சாய்வைத் தாங்கிச் சோர்ந்த தசையால் வந்த வலி நிமிர்வோடு சேர்ந்து தணியும், தேய்ந்த டிஸ்க்கிலும் மூட்டிலும் பிறக்கும் வலி பெரிதும் அப்படியே இருக்கும். பாதத்தின் மரத்துப்போதல் கடைசியில், அதுவும் பகுதியாகவே மாறுகிறது. நெடுங்காலம் நசுங்கிய நரம்பிழைகள் முழுமையாக மீள்வதில்லை. கால்வலி மேலோங்கியவர்கள் முதுகுவலி மேலோங்கியவர்களைவிட அதிகப் பயன் பெற்றதை, முதுகெலும்பு நோயாளிகளிடம் அறுவையையும் அறுவையற்ற சிகிச்சையையும் ஒப்பிட்ட அமெரிக்காவின் ஸ்போர்ட் (SPORT) ஆய்வும் காட்டியது. நம் ஊரில் இன்னொரு சிக்கல் கூடச் சேர்கிறது. நீரிழிவு பரவலாக உள்ள தமிழகத்தில் முதியவரின் பாத எரிச்சலும் மரத்துப்போதலும் சர்க்கரையால் கெட்ட நரம்புகளிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருந்தால் கால்வாயை அகலப்படுத்துவது ஒன்றுக்குத்தான் மருந்து. உட்கார்ந்திருந்தாலும் இரவில் படுத்தாலும் குறையாத பாத எரிச்சலை முதுகின் கணக்கில் எழுதுவதற்கு முன் நிதானம் தேவை.

அழுத்த நீக்கத்தோடு எலும்பிணைப்பும் செய்ய வேண்டுமா என்பது இந்தத் துறையின் பெரிய வழக்கு. எலும்பிணைப்பு என்பது இரண்டு முள்ளெலும்புகளை ஸ்க்ரூ, கம்பி, எலும்புத் துணுக்குகள் கொண்டு நிரந்தரமாக ஒன்றாக்குவது. மருத்துவமனைகளில் ஃப்யூஷன் என்பார்கள். ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் முன்னோக்கி நழுவியிருந்தால், நார்களை வெட்டிய பிறகு நழுவல் கூடிவிடும் என்ற அச்சமே இதற்கு முதன்மைக் காரணம். 2016இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு 50 முதல் 80 வயது வரையிலான 247 பேரைச் சீட்டுக்குலுக்கல் முறையில், அழுத்த நீக்கம் மட்டும் பெறுவோர், எலும்பிணைப்பும் சேர்த்துப் பெறுவோர் என்று இரு பிரிவாக்கியது. இரண்டாண்டு முடிவிலும், ஐந்தாண்டு வரை பின்தொடரப்பட்டவர்களிடமும், எலும்பிணைப்பால் கூடுதல் பலன் தென்படவில்லை. நழுவல் இருந்தவர்களிலும் இதே கதைதான். மருத்துவமனையில் தங்கிய நாள்கள் சராசரியாக 4.1லிருந்து 7.4 ஆனதுதான் மிச்சம். மறு அறுவை விகிதமும் 21, 22 சதவீதம் என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு 66 பேரை மட்டுமே கொண்டது. அதில் எலும்பிணைப்புப் பெற்றவர்களின் பொது உடல்நலப் புள்ளிகள் சற்று உயர்ந்திருந்தன, நான்காண்டில் மறு அறுவை 14 சதவீதத்தினருக்கே தேவைப்பட்டது, மற்றப் பிரிவில் 34 சதவீதம். 2021இல் வெளியான நார்வே ஆய்வு, நழுவல் உள்ள 267 பேரிடம், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் அழுத்த நீக்கம் மட்டும் பெற்ற பிரிவில் 71.4 சதவீதம், எலும்பிணைப்புப் பிரிவில் 72.9 சதவீதம் என்று கண்டது. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது, நழுவல் சிறிதாகவும் அசைவு மிகுதியின்றியும் உள்ளவர்களுக்கு எலும்பிணைப்பைத் தானாகச் சேர்ப்பதற்கான நியாயம் மெலிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். அசைவு மிகுந்த நழுவல், பக்கவாட்டுக் கோணல், நரம்பை விடுவிக்க மூட்டையே முழுதாக எடுக்க வேண்டிய நிலை ஆகியவை வேறு கணக்கு.

தோற்றத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் எலும்பிணைப்புக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு: எந்த வளைவில் இணைக்கிறோமோ அந்த வளைவு ஆயுளுக்கும் நிலைத்துவிடும். கீழ்முதுகின் மொத்த உள்வளைவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நான்காம் முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையில்தான் இருக்கிறது. குறுக்கம் அதிகம் வரும் இடமும் அதுவே. அந்தப் பகுதியைத் தட்டையாக இணைத்துவிட்டால் நோயாளி அறுவைக்கு முன் வலியால் குனிந்ததற்குப் பதில் அறுவைக்குப் பின் அமைப்பால் குனிவார். இதற்கு முன்னுதாரணம் உண்டு. முதுகுக் கோணலைத் திருத்த 1960களிலும் 70களிலும் பயன்பட்ட ஹாரிங்டன் கம்பி, எலும்புகளை விலக்கி நீட்டித்து நேராக்கும் முறையில் இயங்கியது. கீழ்முதுகின் அடிவரை அதைக் கொண்டுசென்றவர்களில் பலருக்கு உள்வளைவு அழிந்து, முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்க இயலாத தட்டை முதுகு நோய் வந்தது. அறுவை மேசையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும் விதம்கூட இதில் பங்கு பெறுகிறது. இடுப்பையும் முழங்காலையும் மடக்கி வைத்தால் தகடுகளுக்கு இடையிலான வெளி விரிந்து நரம்பை விடுவிப்பது எளிதாகும். ஆனால் அந்த நிலையில் உள்வளைவு குறைந்துவிடும், அப்படியே ஸ்க்ரூ போட்டால் தட்டையாகவே உறைந்துவிடும். எலும்பிணைப்புச் செய்யும்போது இடுப்பை நீட்டிவைத்து உள்வளைவைக் காக்க வேண்டியது இதனால்தான். மேலும், இணைக்கப்பட்ட பகுதி அசையாததால் அதற்கு மேலுள்ள டிஸ்க்கின் மீது சுமை கூடி, சில ஆண்டுகளில் அங்கே புதிய குறுக்கம் தோன்றக்கூடும். உள்வளைவு போதாமல் இணைக்கப்பட்டவர்களிடம் இந்த ஆபத்து அதிகம்.

பெரிய அறுவையின் விலை உடலுக்கும் உண்டு. அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, 2002க்கும் 2007க்கும் இடையில் சிக்கலான எலும்பிணைப்புகள் 15 மடங்கு பெருகியதைக் காட்டியது. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் அழுத்த நீக்கம் மட்டும் பெற்றவர்களில் 2.3 சதவீதமாகவும், சிக்கலான எலும்பிணைப்புப் பெற்றவர்களில் 5.6 சதவீதமாகவும் இருந்தன. அந்த ஐந்தாண்டுகளில் அமெரிக்க முதியவர்களின் முதுகெலும்பு 15 மடங்கு மோசமாகியிருக்க வழியில்லை. அழுத்த நீக்கமும் ஆபத்தே அற்றதல்ல. நரம்புறை கிழிந்து நீர் கசிவது ஸ்போர்ட் ஆய்வில் சுமார் 9 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சரிசெய்யப்படும் சிக்கல்தான் அது.

அறுவையே வேண்டாமென்று இருப்பவர்களின் நிலை என்ன? இங்கே சான்றுகள் எதிர்பார்ப்பதைவிடக் குழப்பமானவை. 2008இல் வெளியான ஸ்போர்ட் ஆய்வில், அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 67 சதவீதத்தினரே இரண்டாண்டுக்குள் அதைச் செய்துகொண்டனர். அறுவையின்றி இருக்க ஒதுக்கப்பட்டவர்களில் 43 சதவீதத்தினர் செய்துகொண்டனர். உண்மையில் அறுவை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டால் அறுவையின் மேன்மை தெளிவாக இருந்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல இடைவெளி சுருங்கியது. 2015இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு அறுவையையும் முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையையும் 169 பேரிடம் ஒப்பிட்டு, இரண்டாண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. பயிற்சிப் பிரிவில் 57 சதவீதத்தினர் இடையில் அறுவைக்கு மாறியதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டு 400 பேரிடம் செய்த ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததால் ஆறாம் வாரத்தில் சொல்லத்தக்க கூடுதல் பலன் இல்லை. நோய் பெரும்பாலானவர்களிடம் மெதுவாகவே நகர்வதால், பயிற்சியை முயன்று பார்க்க நேரம் இருக்கிறது. நேரம் இல்லாத நிலை ஒன்று உண்டு: சிறுநீர் இறங்காமல் நிற்பது, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது, கால் வேகமாகச் செயலிழப்பது ஆகியவை தோன்றினால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நெருக்கடி.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள கடுமையான சொற்களைக் கண்டு அஞ்சுபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். முதுகுத் தொல்லை எதுவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து 1990இல் வெளியான ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 21 சதவீதத்தினருக்குக் கால்வாய்க் குறுக்கம் தெரிந்தது. படம் நோயாளி படுத்திருக்கும்போது எடுக்கப்படுவது என்பதால் எதிர்த் திசையிலும் அது தவறக்கூடும். நிற்கும்போது இருக்கும் நெருக்கத்தைப் படம் குறைத்தே காட்டலாம். நடையைக் கேட்டறியாமல் படத்தை மட்டும் வைத்து அறுவையை முடிவுசெய்வதும் மறுப்பதும் ஒரே வகைப் பிழை.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு, கால்வலி மேலோங்கி, முதுகெலும்பு இளகியிருந்து, முன்சாய்வு மிதமாக உள்ள முதியவருக்கு முதலில் அழுத்த நீக்கம் மட்டும் செய்து பொறுத்துப் பார்க்கும் போக்கைப் பல மருத்துவர்கள் இப்போது விரும்புகிறார்கள். பிறகு இடுப்பு முன்தசைகளை நீட்டும் பயிற்சி, பிட்டத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டும் நடை ஆகியவற்றைத் தொடர்ந்து, ஓராண்டு கழித்து மீண்டும் நின்ற நிலையில் முழு முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எஞ்சியிருக்கும் சாய்வில் நரம்பின் பங்கு பெரும்பாலும் கழிந்திருக்கும். அப்போதும் குனிவும் அதனால் வரும் முதுகுவலியும் அவரது அன்றாடத்தை முடக்குகின்றன என்றால்தான், வளைவைத் திருத்தும் பெரிய அறுவையைப் பற்றி, அவரது எலும்பின் வலிமை, இதயம், நுரையீரல், அவர் எதற்காக நிமிர விரும்புகிறார் என்பதையெல்லாம் வைத்துப் பேசுவதற்கு இடம் வருகிறது. தொடக்கத்திலேயே முதுகெலும்பு இறுகி, 10 சென்டிமீட்டருக்கு மேல் சாய்ந்து, கால்வலியைவிட முதுகுவலியால் அதிகம் துன்பப்படுபவருக்கு இந்த வரிசை பொருந்தாது; அவரிடம் நரம்பை மட்டும் விடுவித்தால் நடக்கும் தூரம் கூடலாம், குனிவு குறையாது என்பதை அறுவைக்கு முன்பே அவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவிட வேண்டும்.